குறை வைத்துச் சமைத்தவன்

கல்லாற்றங்கரையில் நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, டீக்கடை போட்டவன் நான். ஆறு பெருகி வந்து கடையைக் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்ததும் அதே இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டேன். பொன்முடியில் தோட்டத் தொழிலாளர் லயத்தில், பஸ் ஏறி வராத நாட்களிலும் காலைச் சாப்பாடு சூடாகக் கொடுத்தேன். திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில், அதாவது சந்தையில், அரிசி மூட்டை சுமந்தேன். அதே கம்போளத்துக்குப் பின்னால் ஒரு மெஸ் தொடங்கி, வக்கீலையும் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். ஐந்தாம் வகுப்போடு சரி, அதற்கு மேல் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து வந்தபோது இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. யாரும் தூக்கி விடவில்லை. நானாகத்தான் ஏறினேன்.

கடைசியாகக் கட்டியது, மணக்காட்டில் இருக்கும் முதியோர் பகல்வீட்டு அடுக்களை. வயதானவர்கள் காலையில் வருவார்கள், பேப்பர் படிப்பார்கள், சண்டை போடுவார்கள், மத்தியானம் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். நான் போனபோது அங்கே அடுக்களை என்று சொல்ல ஒரு ஸ்டவ்வும் ஒரு சொட்டை விழுந்த அண்டாவும்தான் இருந்தன. இன்று வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைக் கட்டியவன் முழங்கால் முட்டு தேய்ந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

உட்கார்ந்திருக்கிறான் என்றா சொன்னேன்? எனக்கு உட்கார வராது. இப்போதும் விடிந்தால் சாலைக் கம்போளத்துக்குப் போகிறேன். பூசணியைத் தட்டிப் பார்க்கிறேன், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறேன். "வாங்காம எதுக்கு ஓய் ஒடிக்கீரு?" என்று கடைக்காரன் விரட்டுகிறான். அங்கிருந்து பகல்வீட்டு கேட்டுக்கு வருகிறேன். உள்ளே தாளிக்கிற வாசனை வரும். கடுகு வெடிக்குமுன் கறிவேப்பிலையைப் போட்டுவிட்டீர்கள் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். உள்ளே வந்து சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, சமையல் முறை நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. எஸ்தர் டீச்சருக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எஸ்தர் டீச்சர் பாறசாலைப் பக்கத்துக்காரர். தமிழ் டீச்சராக இருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு மணக்காட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் பெங்களூரில். டீச்சர் பகல்வீட்டில் சாப்பிடுவதுதான் நாளைக்கு ஒரு முழுச் சாப்பாடு. அதிலும் சோறும் மோரும்தான் உள்ளே போகும். தோரன், அவியல், கூட்டு எதுவாக இருந்தாலும் பாத்திரம் பக்கத்தில் வருமுன்பே கை எழும்பிவிடும். "மதி" என்பார். போதும் என்பதற்கு இங்கே அந்தச் சொல்தான். போடவே இல்லை, அதற்குள் போதும்!

டீச்சர் மட்டுமில்லை, பாதிப் பேர் அப்படித்தான். காய்கறி போன வேகத்தில் திரும்பி வந்து எச்சில் வாளியில் விழும். மாதம் ஒருமுறை சத்துணவு மேடம் வருவார். நல்ல படித்த பெண். வயதானவர்கள் காய்கறி சாப்பிட்டால் வயிறு ஒழுங்காகப் போகும், உடம்பில் தெம்பு நிற்கும் என்று பொறுமையாகச் சொல்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு பீன்ஸைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஒருநாள் செக்ரட்டரி சார் அடுக்களைக்கு வந்தார். பகல்வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கிறவர் அவர். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, எஸ்தர் டீச்சர்ட மகன் போன்ல விளிச்சிருந்தான். டீச்சர் ரொம்பத் தளர்ந்து போயிட்டாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சாப்பாடு சரியில்லயாம். ஓணத்துக்கு வருவான். இதே மாதிரிதான்னா வீட்டப் பூட்டிட்டு அம்மாவ பெங்களூருக்குக் கொண்டுபோயிருவானாம்."

"டீச்சருக்கு இஷ்டமா சாரே?"

"இஷ்டம் இருந்தா நான் எதுக்கு இங்க வந்து உம்மகிட்ட நிக்கணும்?"

டீச்சரிடம் நானே போய்க் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "போன வருசம் போயிருந்தேன் அண்ணாச்சி. ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டு ஜன்னலு. மகனும் மருமகளும் காலைல போனா ராத்திரிதான். நாள் முழுக்க நானும் ஃப்ரிட்ஜுமா இருந்தோம். அதுதான் அப்பப்ப சத்தம் போட்டுச்சு."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புக்கும் சாப்பாட்டு ஹாலுக்குமாக நடந்தேன். சாலைக் கம்போளத்தில் நான் முதல்முதல் கரண்டி பிடித்த ஹோட்டலின் மாஸ்டர் ஒரு விஷயம் சொல்வார்: "மூஞ்சியப் பாக்காதலே, எலையப் பாரு." முகம் மரியாதைக்குச் சிரிக்கும். எழுந்து போன பிறகு இலையில் என்ன கிடக்கிறதோ அதுதான் உண்மையான பதில். ஆகவே டீச்சர் தட்டைப் பார்த்தேன். அவர் கைகாட்டுமுன் பரிமாறுகிற லதா அவசரத்தில் போட்டுவிட்ட அன்று, பூசணி போயிருக்கும், பயற்றங்காய் கிடக்கும். அவியலில் சேனை கரைந்திருக்கும், முருங்கைக்காய் தொடாமல் கிடக்கும். நார் உள்ளதெல்லாம் கிடந்தது.

ஏன் என்பது கை கழுவும் இடத்தில் தெரிந்தது. டீச்சர் சுவரைப் பார்த்து நின்று, பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையால் மறைத்தபடி கழுவிக்கொண்டிருந்தார். ஈறில் ஒரு இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. நான் சத்தம் வராமல் திரும்பி வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள். பார்த்ததை எல்லாம் சொல்லிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தையே ஒரு பார்வையில் அடக்கிய பெண் அவர். நாலு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் வாயிலிருந்து நாரை உருவி எடுப்பதைவிடப் பட்டினி கிடப்பார். அன்றிலிருந்து என் அடுக்களையில் பயற்றங்காயை நாருரித்துப் பொடியாக நறுக்கச் சொன்னேன். முருங்கைக்காயை வேகவைத்துப் பிளந்து, உள்சதையை மட்டும் கரண்டியால் வழித்து அவியலில் சேர்த்தேன். முட்டைக்கோஸை ஆவியில் நன்றாகத் துவள வைத்தேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. லதா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஆனாலும் டீச்சர் கை எழும்பிக்கொண்டேதான் இருந்தது. தட்டில் வருவது மாறிவிட்டது என்று அந்தக் கைக்கு யார் சொல்வது?

கேட்காமலே போட்டுப் பார்த்தேன். நாயர் சார், தாசில்தாராக இருந்தவர், தட்டைத் தள்ளிவிட்டார். "எடோ, இது ஜெயிலா? கேட்டிட்டு விளம்படோ!" கேட்டுப் போட்டால் மதி. கேட்காமல் போட்டால் ஜெயில். ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை சூடாகிவிட்டது.

அப்போதுதான் லதா முட்டைக்கோஸ் தோரனுக்கு மஞ்சள் போட மறந்தாள். நம் பொரியல்தான் இங்கே தேங்காய் கூடுதலாகச் சேர்ந்து தோரன் ஆகிறது. அது வெள்ளை வெளேரென்று ஹாலுக்குப் போய்விட்டது. நான் பார்க்கவில்லை. நாயர் சார் குரல்தான் முதலில் கேட்டது.

"லதே! இதென்ன தோரனு? மஞ்சளு எவிடே?"

"மஞ்சள் மட்டுமில்ல சாரே, ஜீரகமும் காணல்ல" என்றார் ஒருவர்.

"ஜீரகம் உண்டு. தின்னு நோக்கும்!"

"இல்லன்னே."

"உண்டுன்னே! லதே, இங்க கொஞ்சம் இடு. இன்னொருக்க நோக்கட்டு."

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். லதாவைத் திட்டத்தான் வந்தேன். அவள் முகம் செத்துப்போய் நின்றாள். "அண்ணாச்சி, மறந்துபோச்சு. சத்தியமா மறந்துபோச்சு." என் வாய் திறந்தது, கண் அவள் கையிலிருந்த தோரன் வாளியில் விழுந்தது. வாளியின் அடி தெரிந்தது. ஜீரகம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லியே முழுத் தோரனையும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். இது பென்ஷன்காரர்கள் ஊர். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுடைய ஃபைலில் பிழை பார்த்துச் சிவப்பு மையில் குறிப்பு எழுதியவர்கள். ஒருநாள் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் யாரும் எதையும் சரிபார்க்கச் சொல்வதில்லை. மருந்து சாப்பிடு, மெதுவாக நட, காய்கறி தின்னு என்று இவர்களைத்தான் எல்லோரும் சரிபார்க்கிறார்கள். இவர்களுக்குப் பசி காய்கறியில் இல்லை, அதிகாரத்தில் இருந்தது.

மறுநாள் பாத்திரத்தை நானே தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். "சாரே, இண்ணைக்குள்ள தோரன்ல ஒரு குறை இருக்கு. கண்டுபிடிக்கிறவங்க பேரு பலகைல வரும்" என்றேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினேன். ஒருநாள் ஜீரகம் ஒரு சிட்டிகை கூடும். ஒருநாள் தேங்காய் கரகரப்பாக அரைபடும். ஒருநாள் வெங்காயம் தாளிப்பில் கொஞ்சம் பச்சையாக நிற்கும். உப்பை மட்டும் தொட மாட்டேன், பிரஷர்காரர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கீரையும் சில காய்களும் எவ்வளவு என்பது டாக்டரும் மேடமும் சொன்ன அளவுதான். அவர்கள் 'மதி' என்றால் மதி, அங்கே விளையாட்டுக் கிடையாது. யார் உபசாரத்துக்கு வேண்டாம் என்கிறார்கள், யார் உண்மையிலேயே வேண்டாம் என்கிறார்கள் என்று தெரியாதவன் பரிமாறக் கூடாது.

நாற்பது வருடமாக என் சமையலில் குறை சொன்னவனைக் கடைக்குள்ளேயே விடாதவன் நான். அப்படிப்பட்டவன் தினமும் நானாகக் குறை வைத்து, "கண்டுபிடியுங்கள்" என்று நின்றேன். "அண்ணாச்சிக்குக் கை போச்சு கேட்டியா" என்று நாயர் சார் என் காது கேட்கவே சொன்னார். சிரித்தேன். ராஜா மாதிரி சமைக்கத் தெரிந்தவனால்தான் அளவாகக் கெடுக்க முடியும். அது அவருக்கு எங்கே தெரியும்?

எல்லோரும் சாப்பிட்டார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் சாப்பிடவில்லை.

"நீங்களும் ஒரு குறை சொல்லுங்க டீச்சர்."

"ஜெபம் பண்ணிட்டு உக்காந்த சாப்பாட்டுக்குக் குத்தம் சொல்லலாமா அண்ணாச்சி? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல. மதி."

மகன் வந்தே விட்டான். நல்ல பையன், குற்றம் சொல்ல முடியாது. பெயர் ஜோயல். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். "அம்மா என்ன சாப்பிடறாங்கன்னு நேர்ல பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் அங்கிள். நாளைக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கேன்" என்றான். டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிக் குனிந்து உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அடுக்களையில் லதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, பல்லு விசயத்த மகன்கிட்ட சொல்லிரலாமே. பாவம், காரணம் தெரிஞ்சா விட்டுருவாரு."

"சொன்னா, சொந்தப் பல்லையே பாத்துக்கத் தெரியாத அம்மா எப்படித் தனியா இருப்பாங்கன்னு கேப்பான். உன் வாயத் தொறந்த, கரண்டியால போடுவேன்."

"அப்ப என்ன செய்யப் போறிய?"

எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு எரிசேரி. மஞ்சள் பூசணியும் சிவப்புப் பயறும் குழைய வெந்து, தேங்காய் வறுத்துக் கொட்டியது. குறை வைக்க ஜீரக டப்பாவைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். குறை கேட்டால் அவர் சொல்லப் போவதில்லை. கெஞ்சினால் மகன் முன்னால் அவமானம். போட்டுவிட்டு ஓடினால் தட்டில் கிடக்கும், மகன் பார்ப்பான். பாத்திரத்தைத் தூக்கிவிட்டேன். ஹாலின் நடுவில் போய் நின்ற பிறகுதான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"இண்ணைக்குக் குறை வெக்கல!" என்றேன். "இது சுடலைமுத்து எரிசேரி. நூத்துக்கு நூறு. இதுல ஒரு குறை கண்டுபிடிக்க இந்தத் திருவனந்தபுரத்துல ஆள் பொறக்கல!"

நாயர் சார்தான் வாய் திறந்தார். "எடோ, அகங்காரம் கூடிப்போச்சு கேட்டோ."

நான் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எவ்வளவு சொன்னீங்க?"

"நூத்துக்கு நூறு டீச்சர்."

"நான் முப்பது வருசம் தமிழ்ப் பேப்பர் திருத்தினவ. ஒருத்தனுக்கும் நூறு போட்டதில்ல."

"அந்த ஒருத்தனுங்க யாரும் எரிசேரி வைக்கலயே."

"வாய் ஜாஸ்தி உங்களுக்கு. போடுங்க, பாப்போம்."

தட்டை நீட்டினார். ஒரு கரண்டி போட்டேன். ஒரு வாய் எடுத்தார். பழக்கத்தில் இடது கை மடியிலிருந்த கைக்குட்டைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. மென்றார். வாயில் எதுவும் சிக்கவில்லை. கை மேசைக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். கரண்டிக்குத் தட்டை மறுபடி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க. ஒரு பாரா படிச்சிட்டு மார்க் போட முடியாது."

ஜோயல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். தட்டு சுத்தமானது. டீச்சர் தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்தார். ஹாலே காத்திருந்தது.

"தொண்ணூத்தொம்பதரை."

"அரை மார்க் எதுக்குப் போச்சு டீச்சர்?"

"நாளைக்கு வந்து சொல்றேன்."

"அம்மா, நாளைக்கு நமக்கு டிக்கெட்…" என்று ஜோயல் தொடங்கினான்.

"நீ போயிட்டு வா மக்கா. எனக்குப் பேப்பர் திருத்துற சோலி கெடக்கு."

அவன் எழுந்து வெளியே போய், டாக்டரிடம் போனில் நெடுநேரம் பேசினான். திரும்பி வந்து, "கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்போம்மா" என்றான். தனியாகத்தான் ஊருக்குப் போனான். கிறிஸ்மஸுக்கு வந்து பார்த்துவிட்டு, மறுபடியும் தனியாகத்தான் போனான். அதற்கு நடுவில் ஒருநாள் டீச்சர் தானாகவே லதாவைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போய், செட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். போன விஷயத்தை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாரம் நாருள்ள பயற்றங்காயும் தட்டில் மிஞ்சாமல் போனது, அவ்வளவுதான். செட் சரியாகிவிட்டதால்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன், இது உங்களோடு இருக்கட்டும்.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். வயதானவருக்குக் காய்கறி கொடுக்கும்போது மருந்து மாதிரி நீட்டாதீர்கள். அவர் என்னவாக இருந்தாரோ அந்த நாற்காலியில் முதலில் உட்கார வையுங்கள். தாசில்தாரிடம் புகாரைக் கொடுங்கள், டீச்சரிடம் பரீட்சைத் தாளைக் கொடுங்கள். பிறகு சத்தம் போடாமல் நன்றாக வேகவைத்துப் பொடியாக நறுக்குங்கள். ஒரு ஆளிடம் பலித்தது இன்னொரு ஆளிடம் பலிக்காது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் எது என்று தெரியும். பயப்படாதீர்கள், தெரியும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கரும்பலகை இன்றும் அங்கே இருக்கிறது. தினமும் குறை கண்டவர் பெயரை மலையாளத்தில் சாக்பீஸால் எழுதுகிறீர்கள், மறுநாள் துடைக்கிறீர்கள். மற்ற இல்லங்களிலிருந்து வந்து படம் பிடித்துப் போகிறார்கள். போன ஆண்டு விழாவில் செக்ரட்டரி சார் மைக்கில் பேசினார். மேடத்தின் ஆலோசனை என்றார், அங்கத்தினர்களின் உற்சாகம் என்றார், நிர்வாகத்தின் முயற்சி என்றார். "அடுக்களைப் பணியாளர்களும்" என்று கடைசியில் ஒரு சொல் சேர்த்தார். நான் பின்வரிசையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சளை மறந்தது லதா, அவள் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். அந்த மறதியை ஒரு முறையாக்கியவன் நான். நல்ல கை உள்ளவன், அந்தக் கையைத் தினமும் கெடுத்துக் காட்டி, கை போச்சு என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டவன் நான். குறை கண்டவர்கள் பெயரெல்லாம் வருகிறது. குறை வைத்தவன் பெயர் எங்கே?

டீச்சர் அந்த அரை மார்க் எதற்குப் போனது என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்டால், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "நாளைக்கு" என்கிறார். அது அவரிடமே இருக்கட்டும். அதை நான் கேட்டு வாங்கப் போவதில்லை.

பெயரை மட்டும் கேட்டு வாங்குவேன். பலகைக்கு மேலே, சுவரில், 'இந்த முறையைக் கொண்டுவந்தவர் சுடலைமுத்து' என்று எழுதுங்கள். பக்கத்தில் லதா பெயரையும் போடுங்கள். மலையாளத்தில் எழுதினாலும் சரி, கீழே தமிழிலும் இருக்க வேண்டும். நானே படிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று டீச்சரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். சாக்பீஸ் வேண்டாம். பெயிண்ட்.